இருபது நிமிடமும் மூன்று வசனமும்

ஹனோவர்
9.2.2025

அன்புள்ள கவிசா அக்காவுக்கு,

நேற்றும் முந்தாநாளும் நீங்கள் போன் எடுத்தீர்கள். திரையில் உங்கள் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அழைப்பை எடுக்கவில்லை. கோபம் ஒன்றுமில்லை. போனில் எனக்கு வார்த்தை வராது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

வெரோனிக்கா அக்காவின் அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை மஞ்சள் உறையில் கடிதம் வந்தது. உறையைக்கூடத் திறக்காமல், அகதி விடுதியிலிருந்து இரண்டு டிராம் மாறி எங்கள் வீட்டுக்கு வந்தார். "நீ வாசிச்சுச் சொல்லு பிள்ளை, எனக்கு நெஞ்சு படபடக்குது" என்றார். அம்மா தேநீர் வைத்தார். நான் வாசித்தேன்.

பதினோராம் பக்கத்தில் இப்படி இருந்தது: மருத்துவ அறிக்கையின்படி விண்ணப்பதாரர் தாம் அடிக்கப்பட்டதாகவும் நித்திரை வருவதில்லை என்றும் மட்டுமே கூறியிருக்கிறார். இதைவிடப் பாரதூரமான எதையும் அவர் குறிப்பிடவில்லை. இந்த வரிகளை நான் அவருக்குச் சொல்லாமல் தாண்டிவிட்டேன்.

அக்கா, அவர் குறிப்பிட்டார். எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

அகதி விசாரணையில் அவருக்குக் கிடைத்தது ஆண் மொழிபெயர்ப்பாளர். அங்கே அவர் எதையும் சொல்லவில்லை. அதனால்தான் ஒரு பெண் டொக்டரிடம் சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்தார். போன நவம்பரில் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். டொக்டரின் வரவேற்பறையில் என் வயதைக் கேட்டார்கள். பதினேழு என்றேன். வேண்டாம் என்றார்கள். அம்மா கொடுத்துவிட்டிருந்த சான்றிதழை எடுத்து நீட்டினேன். கோடையில் நீங்கள் அமெரிக்காவிலிருந்து வந்து தேவாலய மண்டபத்தில் ஆறு ஞாயிறு நடத்திய மனித உரிமை வகுப்பின் முடிவில் தந்ததுதான். பல்கலைக்கழக முத்திரையைப் பார்த்ததும் பிரதி எடுத்துக்கொண்டு உள்ளே விட்டார்கள்.

அங்கே ஊரில் உங்களுக்கு என்ன நடந்தது, ஆறுதலாகச் சொல்லுங்கள் என்று டொக்டர் கேட்டார். வெரோனிக்கா அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். சுவரில் மணிக்கூடு இருந்தது. இருபது நிமிடம். விசாரணை என்று கூட்டிப்போன கட்டடம், அறை, எத்தனை பேர், கதவைச் சாத்தியது யார் என்பதுவரை சொன்னார். முடித்துவிட்டு, "இதை அவவுக்குச் சொல்லு" என்றார்.

அவருக்கு அவர்கள் செய்ததற்கான ஜேர்மன் சொல் எனக்குத் தெரியும். ஆனால் எந்தப் பாஷையிலும் அதை என் வாயால் சொன்னதில்லை. டொக்டர் பேனாவோடு காத்திருந்தார். நான் சொன்னேன்: "அவரை அடித்தார்கள். நித்திரை வருவதில்லை. அடிக்கடி தலையிடிக்கிறது."

மூன்று வசனம். இவ்வளவுதானா என்று டொக்டர் கேட்டார். "யா" என்றேன்.

கடிதம் வந்ததிலிருந்து இரண்டு கிழமைக்குள், பதினாலு நாளுக்குள், வழக்குப் போடவேண்டும். கடிதத்தை வாசித்து முடித்தபோது வெரோனிக்கா அக்கா என் கையைப் பிடித்து, "என்ன, உன்ரை முகம் வெளிறிப்போச்சு. பயப்பிடாதை, எனக்குத்தானே நெகற்றிவ்" என்று சிரித்தார்.

நான் என்ன செய்ய?

ஆதிரை


13.2.2025

அன்பு ஆதிரை,

உன் கடிதத்தைப் பஸ்ஸில் வாசித்தேன். இறங்கவேண்டிய இடத்தில் இறங்கவில்லை. கடைசித் தரிப்பிடத்தில் சாரதி வந்து தட்டியபோதுதான் பார்த்தேன், வெளியே பனி மூடிய சோள வயல்கள் மட்டும் இருந்தன.

முதலில் ஒன்று. குற்றவாளி நீ இல்லை. பதினேழு வயதுப் பிள்ளையை அப்படி ஒரு அறையில் இருத்திய எல்லோருமே பொறுப்பு. அகதிக் குடும்பங்களில் பிள்ளைகள்தான் வாயும் காதுமாக இருக்கிறார்கள். இங்கேயும் அப்படித்தான். நான் மாலையில் வகுப்பெடுக்கும் இடத்தில் பர்மாக்காரர், கொங்கோக்காரர் எல்லோரும் பிள்ளைகளோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். இதைப்பற்றி ஆராய்ச்சிகள் நிறைய இருக்கின்றன, அனுப்புகிறேன்.

ஆனால் நீ சொல்லியே ஆகவேண்டும். சட்டத்தரணியிடம் போகும்போது நீயும் போ. பெண் மொழிபெயர்ப்பாளர் கேட்கும் உரிமை வெரோனிக்கா அக்காவுக்கு இருக்கிறது. மூன்றாம் ஞாயிறு வகுப்பில் இதைத்தான் படித்தோம், நினைவிருக்கிறதா? நீதான் தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே எல்லோரையும் முந்திப் பதில் சொன்னாய், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி.

உங்கள் வீடு இருக்கும் அந்த மூன்றாம் மாடியின் பிள்ளை நீ. நானும் அதே மாடியில், பக்கத்து வீட்டில்தான் வளர்ந்தேன். உன்னால் முடியும்.

கவிசா அக்கா


ஹனோவர்
2.3.2025

அன்புள்ள கவிசா அக்காவுக்கு,

ஆராய்ச்சிகள் வந்தன. ஆங்கிலத்தில் இருக்கின்றன. நன்றி.

நான் சொல்லவில்லை.

சட்டத்தரணியின் அலுவலகத்துக்குப் போனேன். அவர் பெண். மொழிபெயர்ப்புக்குப் போனில் ஒரு ஆளைப் பிடித்து மேசையில் ஒலிபெருக்கி வைத்திருந்தார். அதனால் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. "வேறு ஏதாவது நடந்ததா, நீங்கள் இன்னும் சொல்லாதது?" என்று சட்டத்தரணி கேட்டார். வெரோனிக்கா அக்கா, "நான் எல்லாத்தையும் டொக்டரிட்டைச் சொல்லிப்போட்டன். இன்னொருக்காச் சொல்ல என்னாலை ஏலாது. அந்த றிப்போட்டிலை கிடக்கும், பாருங்கோ" என்றார். போனில் இருந்த ஆள் அதை அப்படியே சொன்னார். சட்டத்தரணி றிப்போட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அடித்தார்கள், நித்திரையில்லை" என்று எழுதிக்கொண்டார்.

நான் கதிரை நுனியில் இருந்தேன். சொல்லவேண்டிய வசனத்தை மனதுக்குள் அடுக்கினேன், வாய்க்கு வரவில்லை. பள்ளியிலும் இப்படித்தான். எழுத்தில் எனக்கு நல்ல புள்ளி. வாய்மொழிக்குப் பாதிப் புள்ளி என்பதால் எல்லாம் விழுந்தது. கையைத் தூக்கு ஆதிரை, ஒரு வசனமாவது சொல்லு என்று ஆசிரியர் எத்தனை தரம் சொல்லியிருப்பார். பத்தாம் வகுப்பு நடுவிலேயே விட்டேன். இப்போது ஹோட்டல் விரிப்புகளை மடிக்கிறேன். அந்த மெஷின் சத்தத்தில் யாரும் பேசமுடியாது, அதனால் அங்கே எல்லோரும் என்னைப்போலத்தான்.

வழக்குப் போட்டாயிற்று. விசாரணை எப்போது என்று தெரியாது.

அம்மா உங்கள் சான்றிதழைச் சட்டம் போட்டு சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடம், "பிள்ளை அமெரிக்க யூனிவர்சிற்றியிலை மொழிபெயர்ப்புப் பாஸ் பண்ணினவள்" என்கிறார். அது இல்லாவிட்டால் அந்த டொக்டர் என்னை உள்ளே விட்டிருக்கமாட்டார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.

ஆதிரை


21.3.2025

ஆதிரை,

இந்தக் கடிதத்தை நான்கு தரம் தொடங்கிக் கிழித்தேன்.

அப்படி ஒரு பயிற்சி கிடையாது. "சமூக மொழிபெயர்ப்பாளர் பயிற்சி நிறைவு" என்று நானேதான் எழுதினேன். முத்திரையை இணையத்தளத்திலிருந்து எடுத்து ஒட்டினேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஐந்தாம் ஞாயிறு நீ பாத்திரம் கழுவிக்கொண்டே, "என்னட்டை ஒரு பேப்பரும் இல்லை அக்கா, ஒன்பதாம் வகுப்பு றிப்போட்டைத் தவிர" என்று சொன்னாய். ஒரு கடதாசிதானே, பிள்ளை சந்தோசப்படட்டும் என்று நினைத்தேன். அதைக் காட்டி நீ ஒரு அறைக்குள் போவாய் என்று நான் நினைக்கவே இல்லை. எங்கள் ஆட்கள் சான்றிதழை என்ன செய்வார்கள் என்று தெரிந்தே வளர்ந்தவள் நான். நினைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று இருக்கிறது.

உன் முதல் கடிதத்தை நான் ஆங்கிலத்தில் பெயர்த்து, பெயர்களை மாற்றி, பல்கலைக்கழகத்தில் நான் எடுக்கும் மனித உரிமைக் கல்வி வகுப்பில் வாசித்தேன். பதினாறு மாணவர்கள். ஒரு ஊசி விழுந்தால் கேட்கும். பேராசிரியர் வந்திருந்தார். இந்தப் பருவத்தின் மிகச் சிறந்த வகுப்பு என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பர்மாவிலிருந்து அகதியாக வந்த குடும்பத்து மாணவி ஒருத்தி இருக்கிறாள். ஒன்பது வயதிலிருந்து தகப்பனுக்கு ஆஸ்பத்திரியில் மொழிபெயர்த்தவள். வகுப்பு நடுவில் எழுந்து போய்விட்டாள். பிறகு படிக்கட்டில் என்னைப் பிடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "இதை வாசிக்கலாமா என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டீர்களா?"

நான் கேட்கவில்லை. உனக்கு இப்போது எழுதுகிறேன்.

கவிசா


ஹனோவர்
29.3.2025

கவிசா அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வேலையிடத்தில் உடை மாற்றும் அறையில் வாசித்தேன். பிறகு அரை மணித்தியாலம் ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு இருந்தேன். மேற்பார்வையாளர் நடாலி வந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். தலையாட்டினேன்.

வகுப்பில் இருபத்தேழு பேருக்கு முன்னால் வாய் திறக்க முடியாமல்தான் நான் பள்ளியை விட்டேன். நீங்கள் என்னைப் பதினாறு பேருக்கு முன்னால் நிறுத்திப் பேச வைத்திருக்கிறீர்கள். நான் அங்கே இருக்கவுமில்லை. என்னை மட்டுமா? வெரோனிக்கா அக்காவையும் கூட. அறை, கதவு, எத்தனை பேர். அவர் சொன்னதை நான் டொக்டருக்குச் சொல்லாமல் விட்டேன். அதையே நீங்கள் முன்பின் தெரியாதவர்களுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். வெரோனிக்கா அக்காவுக்கு மட்டும் இது இரண்டும் தெரியாது.

சான்றிதழைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். ஆணி கழன்றுவிட்டது என்று அம்மாவிடம் பொய் சொன்னேன்.

நீங்கள் இனி எனக்கு எழுதவேண்டாம்.

ஆதிரை


18.5.2025

ஆதிரை,

எழுதவேண்டாம் என்றாய். இதற்கு நீ பதில் போடத் தேவையில்லை.

பேராசிரியரிடம் போய்ச் சான்றிதழ் விசயத்தைச் சொல்லிவிட்டேன். உன் கடிதத்தைக் கேட்காமல் வாசித்ததையும் சொன்னேன். அடுத்த பருவத்தில் வகுப்பு எனக்கு இல்லை. வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். அன்றும் ஊசி விழுந்தால் கேட்கும், ஆனால் வேறு மாதிரி.

இதோடு இருப்பது ஜேர்மன் மொழியில் நான் எழுதிக் கையொப்பமிட்ட கடிதம். ஆதிரைக்கு மொழிபெயர்ப்புப் பயிற்சி எதுவும் தரப்படவில்லை, சான்றிதழ் என்னால் பொய்யாக எழுதப்பட்டது என்று அதில் இருக்கிறது. சட்டத்தரணிக்கு உதவும் என்று நினைக்கிறேன். ஆனால் நான் அதை அவருக்கு நேரே அனுப்பவில்லை. உன்னிடம் தருகிறேன். கொடுப்பதும் கிழிப்பதும் உன் விருப்பம். இந்த முறை கேட்டுச் செய்கிறேன்.

கவிசா


ஹனோவர்
24.6.2025

கவிசா அக்காவுக்கு,

விசாரணைக்கு நாள் வந்துவிட்டது. செப்ரெம்பர் 23, காலை ஒன்பது மணி. நீதிமன்றத்திலிருந்து வந்த அந்தக் கடிதத்தையும் நான்தான் வெரோனிக்கா அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "உன்னை மாதிரி ஒருத்தி பக்கத்திலை இருந்தா எனக்குப் பயமில்லை" என்றார். அன்றிரவு சாப்பிட முடியவில்லை.

அடுத்த நாள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு விடுதிக்குப் போனேன். பொதுச் சமையலறையில் அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தாளை மேசையில் வைத்தேன். கையைத் துடைத்துவிட்டு, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். நீங்கள் வகுப்பில் வாசித்ததையும் எழுதியிருந்தேன். வாசித்து முடித்துத் திரும்பவும் மேலிருந்து வாசித்தார்.

பிறகு சொன்னார்: "நான் இருபது நிமிசம் கதைச்சன். நீ ஒரு நிமிசத்திலை முடிச்சுப்போட்டாய். ஜேர்மன் சின்னப் பாசையாக்கும் எண்டு நினைச்சன்."

நான் தாளை எடுத்து மடித்தேன்.

"கோபமே அக்கா?"

"கோபமோ என்னவோ தெரியேல்லை. உலகத்துக்குச் சொல்லிப்போட்டன், இனி என்ரை பொறுப்பில்லை எண்டு நினைச்சு ஏழு மாசம் நித்திரை கொண்டனான். இப்ப பாத்தா உனக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறன். ஒரு சின்னப் பிள்ளைக்கு." பிறகு வெங்காயத்தை எடுத்தார். "நீ வீட்டை போ."

எட்டு நாள் ஒரு தகவலும் இல்லை. ஒன்பதாம் நாள் வேலை முடிந்து வெளியே வந்தால் கேட் வாசலில் நின்றார். "லோயரிட்டைப் போவம்" என்றார். டிராமில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஆனால் எனக்கும் சேர்த்து ரிக்கற் எடுத்திருந்தார்.

சட்டத்தரணி இந்த முறை பெண் மொழிபெயர்ப்பாளரை நேரே கூப்பிட்டிருந்தார். என் தாளை அவர் பெயர்த்துச் சொன்னார். சட்டத்தரணி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு சொன்னது இதுதான்: புதிய மருத்துவ அறிக்கை எடுக்கலாம். ஆனால் நீதிமன்றத்தில், நிராகரித்த பிறகு கதை வளர்ந்துவிட்டது என்பார்கள். எல்லா வழக்கிலும் அப்படித்தான் சொல்வார்கள். நவம்பரிலேயே டொக்டரிடம் சொன்னார் என்று யாராவது சாட்சி சொன்னால் மட்டும்தான் அது நிற்கும்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

எழுதித் தரலாமா என்று கேட்டேன். எழுதித் தரலாம், ஆனால் நீதிபதி கேள்வி கேட்பார், நேரே வந்து வாயால் சொல்லவேண்டும் என்றார்.

உங்கள் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். வெரோனிக்கா அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான்.

அவர் உங்களுக்கு ஒன்று சொல்லச் சொன்னார். அப்படியே எழுதுகிறேன்: "அமெரிக்காவிலை என்னை வாசிச்சவ இனி வாசிக்கக்கூடாது. மற்றப்படி சுகமாய் இருக்கட்டும்."

ஆதிரை


3.7.2025

ஆதிரை,

வெரோனிக்கா அக்கா சொன்னது கிடைத்தது. மொழிபெயர்ப்பை அழித்துவிட்டேன். பதினாறு பேரின் காதுகளிலிருந்து அழிக்க என்னால் ஏலாது. அது என்னோடு இருக்கும்.

உன்னால் முடியும் என்று இந்த முறை எழுதமாட்டேன். எனக்குத் தெரியாது. 23ஆம் திகதி உங்கள் காலை ஒன்பது மணி இங்கே அதிகாலை இரண்டு. விழித்திருப்பேன்.

கவிசா


ஹனோவர்
12.10.2025

அன்புள்ள கவிசா அக்காவுக்கு,

வெரோனிக்கா அக்கா இங்கே இருக்கலாம். நீதிமன்றம் ஒத்துக்கொண்டுவிட்டது. கடைசிப் பக்கம்வரை நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசிக்கக்கூடாது என்று இதை முதலில் எழுதுகிறேன்.

நீதிமன்ற அறை நான் நினைத்ததுபோல் இல்லை. பள்ளி வகுப்பறை மாதிரிச் சின்னது, ஜன்னலில் பூச்சட்டி. பார்க்க வந்திருந்த இரண்டு பேரை வெளியே போகச் சொன்னார்கள். நீதிபதி அம்மாவின் வயதுடைய பெண். நான் வெளியே வாங்கில் உட்கார்ந்து இரண்டு மணித்தியாலம் காத்திருந்தேன். கூப்பிட்டபோது கால் மரத்துப்போயிருந்தது.

உண்மையைச் சொல்லவேண்டும் என்று நீதிபதி சொன்னார். டொக்டரிடம் நடந்ததைக் கேட்டார். ஆசிரியர் சொன்னதுதான் காதில் கேட்டது: கையைத் தூக்கு ஆதிரை, ஒரு வசனமாவது சொல்லு. நான் உண்மையிலேயே கையைத் தூக்கிவிட்டேன், அக்கா. நீதிபதி சிரிக்கவில்லை. "சொல்லுங்கள்" என்றார்.

"அவர் சொன்னார். நான் சொல்லவில்லை" என்றேன் ஜேர்மனில்.

"எதை நீங்கள் சொல்லவில்லை?"

வெரோனிக்கா அக்கா எனக்கு எதிரே இருந்தார். நிலத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அந்தச் சொல்லைச் சொன்னேன். முதல் தரம் காற்றுத்தான் வந்தது. இரண்டாம் தரம் கேட்டது. அதன்பிறகு அறை, கதவு, எத்தனை பேர் என்று எல்லாம் அவர் சொன்ன ஒழுங்கிலேயே வந்தன. ஒன்றுமே மறக்கவில்லை. நவம்பரிலிருந்து அவை என் வாய்க்குள்தான் இருந்திருக்கின்றன.

இங்கே நீதிபதிகள் சாட்சி சொல்வதை ஒரு சின்னக் கருவியில் தாங்களே திருப்பிப் பேசிப் பதிவுசெய்வார்கள். எனக்கு இது தெரியாது. அவர் கருவியை வாயருகே பிடித்து நான் சொன்னது எல்லாவற்றையும், அந்தச் சொல்லோடு, சத்தமாகத் திருப்பிச் சொன்னார். யாருடைய குரலும் நடுங்கவில்லை, கூரையும் இடிந்து விழவில்லை. இவ்வளவுதானா, சரிதானா என்று என்னைக் கேட்டார்.

"ஓம்" என்றேன். தமிழில் வந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர் அதையும் விடாமல், "யா" என்று பெயர்த்தார்.

வெளியே வந்து டிராமுக்கு நின்றபோது வெரோனிக்கா அக்கா கேட்டார்: "ஜேர்மனிலை அது அவ்வளவு நீட்டுச் சொல்லே?"

"ஓம் அக்கா."

"ஒரு நிமிசத்துக்கை அடங்காதெண்டு அண்டைக்கே யோசிச்சிருக்க வேணும் நான்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. டிராம் வரும் பக்கம் பார்த்துச் சொன்னார். முழுதாக மன்னித்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அம்மாவிடம் சான்றிதழைப்பற்றிச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உங்களோடு எத்தனை நாளோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்துப் பாருங்கள். நான் எடுத்தாலும் எடுப்பேன்.

மஞ்சள் உறை வெள்ளிக்கிழமை வந்தது. வெரோனிக்கா அக்கா திறக்காமல் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து இருந்தார். நான் முதலில் கடைசிப் பக்கத்தைப் பார்த்து, கிடைச்சிட்டுது என்றேன். அம்மா அழுதார். வெரோனிக்கா அக்கா அழவில்லை. உறையைத் தடவிப் பார்த்தார்.

"எத்தினை பக்கம்?"

"பதினாலு."

"முதல் பக்கத்திலை இருந்து வாசி. ஒண்டும் விடாமல்."

ஒவ்வொரு வசனமாக ஜேர்மனில் வாசித்துத் தமிழில் சொன்னேன். ஒன்பதாம் பக்கத்தில் அந்தச் சொல் இருந்தது. ஜேர்மனில் வாசித்துவிட்டேன். தமிழில் சொல்ல வரும்போது நின்றேன். அம்மா பக்கத்தில் இருந்தார்.

"ஏன் நிண்டுட்டாய்?" என்றார் வெரோனிக்கா அக்கா. "சொல்லு பிள்ளை."

சொன்னேன்.

ஆதிரை